பார்வோன் வீட்டுத் துடக்கு

பயண முகவர் வேலை என்பது, தான் ஒருநாளும் போகாத ஊருக்கு மற்றவர்களை அனுப்பிவிட்டு, அங்கே வெயில் அடித்ததற்கு இங்கே இருந்து மன்னிப்புக் கேட்கிற வேலை. விமானம் பிந்தினால் நாம்தான் காரணம். பெட்டி தொலைந்தால் நாம்தான். ஜன்னலோர இருக்கையில் இருந்தும் வெளியே மேகம் மட்டும்தான் தெரிந்தது என்றால் அதற்கும் நாம்தான். இந்தத் தொழிலில் அகப்பட்டுச் சீரழிந்தவர்கள் இதை வாசித்தால் தலையாட்டுவார்கள். மற்றவர்கள், அடுத்தமுறை ரிக்கற் எடுக்கப் போகும்போது எங்களோடு கொஞ்சம் அன்பாகக் கதையுங்கள்.

முதலாளிக்கு வந்த யோசனை

நான் வேலை பார்த்தது மொன்றியலில், ஒரு பல் வைத்தியருக்கும் ஒரு சலவைக் கடைக்கும் நடுவே இருந்த சின்ன அலுவலகத்தில். இலங்கையில் சமாதானம் பேசிய காலத்தில் எங்கள் சனம் கொழும்பு ரிக்கற்றுக்கு வாசல் வரை வரிசையில் நின்றது. சமாதானம் குழம்பிச் சண்டை திரும்பத் தொடங்கியதும் வரிசை காணாமல் போனது. தொலைபேசி அடித்தால் அது பயணத்தை நிற்பாட்டச் சொல்லித்தான் இருக்கும்.

முதலாளி சமீர் எகிப்துக்காரர், கிறிஸ்தவர், அலெக்சாந்திரியாவில் பிறந்தவர். ஒருநாள் காலை கோட்டைக் கழற்றாமலே வந்து, "எட்வின், உன்னுடைய ஆட்கள் கோயிலுக்குப் போகிற ஆட்கள். எகிப்து பைபிளில் இருக்கிறது. அவர்களை எகிப்துக்குக் கொண்டுபோவோம்" என்றார். பைபிளில் உள்ள சனம் எகிப்தை விட்டு ஓடத்தான் பாடுபட்டது என்று ஞாபகப்படுத்தினேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. கெய்ரோவில் இரண்டு நாள், மிச்ச நாளெல்லாம் லக்சர், கூட்டிக்கொண்டு போவது நான் என்று அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. லக்சர் எப்படிப்பட்ட ஊர் என்று கேட்டேன். தான் அந்தப் பக்கம் போனதே இல்லை என்றார்.

என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த இலங்கைப் படத்தைக் காட்டிச் சொன்னார்: "ஏன் அப்படிப் பார்க்கிறாய்? நீ அந்தச் சிகிரியா மலையில் ஏறியிருக்கிறாயா?"

ஒரு பின்னேரம்

விளம்பரம் ஒட்டிய கிழமையே முதலாவதாக வந்தவர் பற்றிமா அக்கா. மன்னார்க்காரி. டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் இடத்தில் வேலை. வேலை முடிந்து நேராக வந்திருந்தார். தலையில் வலைத்தொப்பி போட்ட அடையாளம் நெற்றியில் அப்படியே இருந்தது. பிரமிட் பற்றி நான் பாடமாக்கி வைத்திருந்ததைத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தி, "லக்சரிலை சும்மா விடுற நேரம் இருக்கோ தம்பி?" என்று கேட்டார். கடைசிக்கு முதல் நாள் பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு எல்லோருக்கும் ஓய்வு என்றேன்.

பிறகு கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னார். அவருக்கு அன்ரன் என்றொரு தம்பி. அக்கா மன்னாரை விட்டு வெளிக்கிட்டபோது அவனுக்குப் பத்து வயது. இப்போது சவூதியில், செங்கடல் பக்கத்துத் துறைமுகம் ஒன்றில் லொறி ஓட்டுகிறான். கனடா விசா இரண்டு தரம் மறுத்துவிட்டார்கள். அக்கா தனியாகச் சவூதிக்குப் போக ஏலாது. சண்டையால் மன்னாருக்குப் பாதையே இல்லை. தாய் தகப்பன் இருவரும் இடையில் போய்விட்டார்கள், இரண்டு செத்தவீட்டுக்கும் அவரால் போக முடியவில்லை. இனி மிச்சம் அன்ரன் மட்டும்தான். அன்ரன் இருக்கும் துறைமுகத்திலிருந்து எகிப்துக் கரைக்குக் கப்பல் ஓடுகிறது, அந்தக் கரையிலிருந்து லக்சர் சில மணித்தியாலத் தூரம் என்பதை அவர் உலகப்படத்தில் தானே கண்டுபிடித்திருந்தார். இது நடக்காமல் போனால் சனம் வாய்க்கு வந்தபடி கதைக்கும், ஆகவே ஒருவருக்கும் மூச்சு விடவேண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்கினார்.

எழும்பிப் போகும்போது சொன்னது இது: "பார்வோனை நீங்கள் எல்லாரும் வடிவாப் பாருங்கோ தம்பி. எனக்கு அந்த ஒரு பின்னேரம் போதும்."

கமிட்டியும் ராசாக்களும்

கூட்டம் சேர்ந்தது. பெரும்பாலும் மொன்றியலின் லாசால் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்கள். ரொக்ஸ்பரோவில் டெப்பனர் என்கிற சில்லறைக் கடை வைத்திருக்கும் மட்டக்களப்புத் தம்பிராசாவும் மனைவி கமலா அம்மாவும் மட்டும் சைவம். குளிருக்குத் தப்ப எங்கேயாவது போகவேண்டும் என்பதற்காகச் சேர்ந்தவர்கள். போகுமுன் ஊரின் சரித்திரத்தைச் சொல்லிக் கொடுக்கச் சொல்லி முதலாளி உத்தரவு போட்டார். நான் நூல்நிலையத்தில் பிரெஞ்சுப் புத்தகங்களை இரவல் வாங்கி, ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் நிலவறை மண்டபத்தில் வகுப்பு எடுத்தேன். லக்சரின் பழைய பெயர் தீப்ஸ் என்றும், நைல் நதிக்குக் கிழக்கே உயிரோடு இருந்தவர்களின் ஊரும் கோயில்களும், சூரியன் மறையும் மேற்கே செத்தவர்களின் கல்லறைகளும் என்றும் சொன்னேன். சோறு எந்தக் கரையில் கிடைக்கும் என்று ஒருவர் கேட்டார்.

ஒரு பாடம் மட்டும் எல்லோருக்கும் நன்றாகப் பிடித்தது. கர்நாக் கோயிலை ஒரு ராசா கட்டி முடிக்கவில்லை. வந்த வந்த ராசாவெல்லாம் தன் பங்குக்கு ஒரு வாசல், ஒரு தூண் என்று போட்டுக்கொண்டே போனான். ஹட்ஷெப்சுட் என்று ஒரு ராணி அழகாக ஆண்டாள். அவளுக்குப் பிறகு வந்தவன் அவளுடைய பெயரைக் கல்லிலிருந்து கொத்தி எடுக்கச் செய்தான். இதைச் சொன்னதும் எல்லோருடைய கண்ணும் மூலையில் நின்ற குளிர்சாதனப் பெட்டிக்குப் போனது. அதன் கதவில் உபயகாரர் பெயர் எழுதிய தகடு இருந்த இடத்தில் நாலு ஆணித்துளை மட்டும் இருந்தது. அதை வாங்கிக் கொடுத்தவரான பழைய கமிட்டித் தலைவர் முன்வரிசையில்தான் இருந்தார்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "தம்பி, அந்த மனிசிக்கு எவ்வளவு கவலையா இருந்திருக்கும் எண்டு எனக்கு விளங்குது."

மாஸ்டரின் சந்தேகம்

சூசைப்பிள்ளை மாஸ்டர் ஓய்வுபெற்ற ஆசிரியர். குருநகர்க் கடற்கரையில் வளர்ந்தவர், பைபிளில் எந்த இடத்தில் தொட்டாலும் சொல்லுவார். மோசேயைத் துரத்திய பார்வோன் எவன் என்று வகுப்பிலேயே என்னைக் குடைந்தெடுத்தார். அறிஞர்களுக்குள் ஒரே முடிவு இல்லை, பலர் இரண்டாம் ராம்செஸ் என்கிறார்கள் என்று சொல்லித் தப்பினேன்.

கெய்ரோ அருங்காட்சியகத்தில், லக்சர் மலையில் கண்டெடுத்துக் கொண்டுவந்த ராசாக்களின் உடல்களைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். மாஸ்டர் ராம்செஸின் பெட்டிக்கு முன்னால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார். பார்வோன் செங்கடலில் மூழ்கித் தாண்டு போனவன் அல்லவா? கடலில் தாண்ட சடலங்களைத் தான் சின்ன வயதிலிருந்து கண்டிருப்பதாகவும், இந்த முகத்தில் அப்படி ஒரு அறிகுறியும் இல்லையென்றும் எங்கள் வழிகாட்டி மஹ்மூதுக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். மஹ்மூத் பதினைந்து வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவன். இப்படி ஒரு முறைப்பாட்டை அவன் முதல்முறையாகக் கேட்டான்.

மாஸ்டர் என் பக்கம் திரும்பித் தீர்ப்பைச் சொன்னார்: "ஒண்டில் பைபிள் பிழை, இல்லாட்டி ஆள் பிழை. பைபிள் பிழைக்காது. இவங்கள் ஆளை மாத்திப் படுக்க வைச்சிருக்கிறாங்கள்."

அன்று ஹோட்டலுக்கு வந்ததும் எல்லோரும் விழுந்தடித்துக் குளிக்கப் போனார்கள். தூசிக்காக்கும் என்று நான் நினைத்தேன். அப்போதே விசாரித்திருக்கவேண்டும்.

வலம் வருதல்

லக்சரில் முதல் நாள் கர்நாக். நுழைவாசலில் கமலா அம்மா செருப்பைக் கழற்றினார். தம்பிராசா சப்பாத்தைக் கழற்றினார். மஹ்மூத் ஓடிவந்து, இது பழைய இடம், இப்போது வழிபாடு கிடையாது, கல் சுடும் என்றான். கும்பிடுகிறார்களோ இல்லையோ, கோயில் கோயில்தானே என்று கமலா அம்மா நடக்கத் தொடங்கிவிட்டார். லாசால் கத்தோலிக்கர்கள் சங்கடப்பட்டு மாஸ்டரைப் பார்த்தார்கள். பிற தெய்வத்துக்கு முன் முழங்காலில் நிற்பதுதான் பாவம், செருப்பைக் கழற்றுவது மரியாதை மட்டும்தான் என்று மாஸ்டர் விளக்கம் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் வாசலில் செருப்பும் சப்பாத்தும் வரிசையாகக் கிடந்தன. துவக்கோடு நின்ற சுற்றுலாப் பொலிஸ்காரன் ஒருவன் அவற்றுக்குக் காவல் நின்றான். அவனிடம் யாரும் கேட்கவில்லை, அவனுக்கே ஏதோ பொறுப்பு வந்துவிட்டது.

உள்ளே குளத்தடியில் கல்லில் செய்த பெரிய வண்டு ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி வந்தால் நினைத்தது நடக்கும் என்று உல்லாசப் பயணிகள் சுற்றுவார்கள். இடப்பக்கமாகச் சுற்றவேண்டும் என்று மஹ்மூத் சொல்லி முடிக்குமுன் கமலா அம்மா கைகூப்பி வலமாகப் புறப்பட்டுவிட்டார், பின்னால் எங்கள் கூட்டம். எதிரே ஒரு ஜெர்மன் கூட்டம். இரண்டும் வண்டின் பின்பக்கத்தில் முட்டி நின்றன. பற்றிமா அக்கா மட்டும் ஒன்றையும் கவனிக்காமல், உதடு அசைய, ஜெர்மன்காரருக்கு நடுவே புகுந்து சுற்றிக்கொண்டே இருந்தார். அவர் என்ன நினைத்துச் சுற்றினார் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

பாதையை விடும்படி நான் கெஞ்சியபோது கமலா அம்மா, பெற்ற மகனை அதட்டுவதுபோலச் சொன்னது: "நாங்க சரியாத்தான் சுத்துறம் மனே, அவங்கதான் பிழையா வாறாங்க."

மதியச் சாப்பாடு

அந்த நாள் வந்தது. காலையில் வள்ளத்தில் மேற்குக் கரை, ராசாக்களின் கல்லறைகள். பிறகு அங்கேயே மதியச் சாப்பாடு, ராணி ஹட்ஷெப்சுட்டின் கோயில், மூன்று மணிக்கு ஹோட்டல். மூன்று மணிக்கு அன்ரன் வந்து நிற்பான். பற்றிமா அக்கா புதுச் சேலை கட்டியிருந்தார். கல்லறைக்கு எதற்கு இந்தச் சேலை என்று ஆட்கள் கேட்க, வேறு சேலை இல்லை என்றார்.

கல்லறைகளைப் பார்த்து, நிறங்கள் மங்காமல் இருப்பதைப் புகழ்ந்து, வெளியே வந்து உணவகத்தில் உட்கார்ந்தோம். சோறு வந்தது. கோழி வந்தது. ஒரு கையும் நீளவில்லை. நான் உறைப்புப் பிரச்சினையாக்கும் என்று நினைத்து மிளகாய்த்தூள் கேட்டேன். கமலா அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன மனே, சுடலைக்குப் போயிட்டு வந்து குளிக்காம சோத்தில கை வைக்கச் சொல்றீங்களா?" மேசைக்கு மேசை தலைகள் ஆடின. கர்நாக்கில் செருப்பைக் கழற்றச் சங்கடப்பட்ட கத்தோலிக்கர்கள்கூட இதில் ஒரே கட்சி. சேமக்காலையில் ஒருவரை அடக்கம் பண்ணிவிட்டு வந்தால் வீட்டு வாசலில் குளித்துவிட்டுத்தானே உள்ளே போவோம் என்று மாஸ்டரும் சேர்ந்துகொண்டார். துடக்கு என்றால் என்ன என்று நான் மஹ்மூதுக்கு விளக்கினேன். செத்தவருக்குக் கிட்டப் போனால் ஒட்டிக்கொள்ளும் ஒன்று, தண்ணீரில்தான் போகும் என்றேன். அந்த ராசாக்கள் செத்து மூவாயிரம் வருடத்துக்கு மேல் ஆகிறதே என்றான். முப்பத்தோராம் நாள் காரியம் செய்தார்களா என்று தம்பிராசா கேட்டார். எழுபது நாள் வைத்து உடலைப் பதப்படுத்தினார்கள் என்று மஹ்மூத் பெருமையாகச் சொன்னான். எழுபது நாள் பிணத்தை வைத்திருந்தால் துடக்கு இன்னும் கூட என்று தம்பிராசா முடித்துவிட்டார்.

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஹோட்டலுக்குப் போய், இத்தனை பேரும் குளித்து, சாப்பிட்டு, திரும்ப ஆற்றைக் கடந்து ராணி கோயிலைப் பார்த்து வந்தால் பொழுது பட்டுவிடும். பற்றிமா அக்காவின் பின்னேரம் போய்விடும். அவரை மட்டும் ஹோட்டலில் விட்டுவிட்டுப் போனால் ஏன் என்று எல்லோரும் துருவுவார்கள். மற்றவர்களுக்குச் சொல்லவும் சத்தியம் விடவில்லை. நான் அவரைப் பார்த்தேன். நீங்கள் ஒரு வாய் சாப்பிடத் தொடங்கினால் மற்றவர்களும் தொடங்குவார்கள் என்று கிட்டப்போய்க் கெஞ்சினேன். அவர் கோழியைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், தட்டைத் தள்ளி வைத்தார்.

"அம்மான்ரை செத்தவீட்டுக்கும் போகேல்லை, ஐயான்ரைக்கும் போகேல்லை. முன்பின் தெரியாத இந்த ராசாவுக்கு வந்து துடக்குக் காக்கிறன். ஆனால் குளிக்காமல் எனக்கும் சோறு இறங்காது தம்பி."

வரவேற்பறையில்

ஹோட்டலுக்குள் நுழைந்தபோது பன்னிரண்டரை. வரவேற்பறையில் ஒரு மனிதன் பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையின் நுனியில் இருந்தான். மீசை, முன்னந்தலையில் கொஞ்சம் வழுக்கை. எங்கள் கூட்டத்தின் தமிழைக் கேட்டதும் எழும்பினான். மூன்று மணிக்கு வரவேண்டியவன் பதினொரு மணிக்கே வந்துவிட்டானாம். செங்கடல் கரைக்குப் போகும் வெளிநாட்டுக்காரரின் வாகனங்கள் அந்த நாட்களில் பொலிஸ் காவலோடு, குறித்த நேரத்தில் வரிசையாகத்தான் போகலாம். இரவுக் கப்பலைப் பிடிக்க அவன் பின்னேரம் இரண்டு மணிக்குப் புறப்படும் வரிசையில் போயாகவேண்டும் என்பது அவனுக்கே வந்த பிறகுதான் தெரிந்தது. நாங்கள் அந்தக் கோழியைச் சாப்பிட்டிருந்தால் அவன் எழுதி வைத்துவிட்டுப் போன துண்டைத்தான் பார்த்திருப்போம்.

பற்றிமா அக்கா அவனை உடனே கண்டுகொண்டார். இரண்டு எட்டு வைத்தார். பிறகு சட்டென்று நின்று, இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தடுத்தார். "கிட்ட வராதை அன்ரன், நான் குளிக்கேல்லை" என்றார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, கை மட்டும் இறங்கவில்லை. யார் இது, என்ன நடக்கிறது என்று விளங்காமல் கூட்டம் ஆளையாள் பார்த்தது. நான்தான் வாயைத் திறந்து, "அவவின்ரை தம்பி, பதினேழு வருசத்துக்குப் பிறகு" என்றேன். சத்தியம் அதோடு போயிற்று.

அன்ரன் பையைக் கீழே வைத்தான். "நான் கப்பலேறினதிலையிருந்து குளிக்கேல்லை அக்கா" என்று சொல்லிக்கொண்டே வந்து, நீட்டிய கைகளையும் சேர்த்து அக்காவைக் கட்டிப்பிடித்தான். மாஸ்டர் சுவரைப் பார்த்து மூக்கைச் சிந்தினார்.

இனி என்ன சட்டம் என்று எல்லோரும் கமலா அம்மாவைப் பார்த்தோம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலை மாற்றாமல் சொன்னார்: "சரி, இப்ப தம்பிக்கும் துடக்கு. அவருக்கும் ஒரு துவாய் குடுங்க. ரெண்டு பேரும் கெதியாக் குளிச்சிட்டு வரட்டும், மறுகா எல்லாரும் ஒண்டாச் சாப்பிடுவம்."

அடுத்த வருடம்

ராணியின் கோயிலுக்கு நாங்கள் போகவில்லை. அன்ரனை வாகனத்தில் ஏற்றி அனுப்பிய பிறகு ஒருவருக்கும் ஆற்றைக் கடக்க மனம் வரவில்லை. மஹ்மூத் ஹோட்டல் மாடியில் எல்லோரையும் இருத்தி, எதிர்க் கரையில் அது தெரியும் திசையைக் காட்டிச் சரித்திரத்தைச் சொன்னான். மொன்றியலுக்கு வந்ததும் பனிக்குள் சப்பாத்துப் புதைய அலுவலகத்துக்குப் போனேன். ஆட்களுக்கு லக்சரில் எது அதிகம் பிடித்தது என்று சமீர் கேட்டார். குளியலறை என்றேன். அவர் அதை விளம்பரத்தில் சேர்க்கச் சொன்னார்.

அடுத்த கிழமை பற்றிமா அக்கா வந்தார். தலையில் வலைத்தொப்பி அடையாளம், கையில் எனக்கென்று பொரித்துக் கட்டிக்கொண்டு வந்த றோல்ஸ் பொதி. கோட்டைக் கழற்றி மடியில் வைத்தார். அன்ரனுக்குத் தலைமயிர் கொட்டுவதையும், ஐயாவைப் போலவே சாப்பிட்ட பிறகு ஒருதரம் இருமுவதையும் சொன்னார். ஜோர்தானில் மலையைக் குடைந்து கட்டிய பழைய ஊர் ஒன்று இருக்கிறது, துருக்கியிலும் நிறைய இருக்கிறது என்று நான் படங்களை எடுத்து வைத்தேன். அவர் படங்களைப் பார்க்கவில்லை. என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த உலகப்படத்தில் செங்கடலின் மேல் விரலை வைத்தார்.

"இதெல்லாம் எனக்கு விளங்காது தம்பி. அன்ரனுக்குக் கிட்டவா எந்த ஊரிலை சரித்திரம் இருக்கு எண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்கோ."

உலகத்தில் புராதன நகரங்கள் எத்தனையோ உண்டு, ஆனால் எங்கள் அலுவலகத்தைப் பொறுத்தவரை லொறி ஓட்டும் ஒருவன் இரண்டு நாள் லீவில் வந்து திரும்பக்கூடிய தூரத்தில் இருப்பவைதான் சரித்திர முக்கியத்துவம் வாய்ந்தவை.